துருவி அனுப்பிய பறவை

லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களுக்கு அவளுடைய குரல் மட்டும்தான் தெரியும். மணிப்படம் போட்ட மஞ்சள் பித்தானை உள்ளேயிருந்து யாராவது அழுத்தினால் அவள் மேஜைமேல் இருக்கும் தொலைபேசி அடிக்கும். லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனியில் அவளுக்கு அதுதான் வேலை. எந்தக் கட்டடம், எந்த மாடி, உள்ளே எத்தனை பேர், யாருக்காவது மூச்சு முட்டுகிறதா என்று கேட்டு மெக்கானிக்கை அனுப்ப வேண்டும். அவர் போய்ச் சேரும்வரை பேச்சைத் துண்டிக்கக் கூடாது.

அதுவரை என்னதான் பேசுவது? கம்பெனி கொடுத்த அட்டையில் ‘பயப்பட வேண்டாம், உதவி வந்துகொண்டிருக்கிறது’ என்று ஒரே ஒரு வரி இருந்தது. அதையே திரும்பத் திரும்பச் சொன்னால் பயப்படாதவருக்கும் பயம் பிடித்துக்கொள்ளும். அவள் வேறு வழி வைத்திருந்தாள்.

“சார், ஆளுங்க ஏறிப் போற லிஃப்ட் வர்றதுக்கு முன்னாடியே ஒருத்தர் தன்னோட கட்டடத்துல லிஃப்டுக்குன்னு இடம் விட்டுக் கட்டினாராம், தெரியுமா? என்னிக்காவது எவனாவது கண்டுபிடிச்சிருவான்னு அவ்வளவு நம்பிக்கை. என்ன, வட்டமா விட்டுட்டாரு. வந்தது சதுரமா வந்துச்சு.”

இருட்டுப் பெட்டிக்குள் இருந்து ஒரு சிரிப்பு வரும். அப்புறம் அவரே கேட்பார், “அப்புறம் என்ன பண்ணாங்க?” மெக்கானிக் கதவைத் திறக்கும்போது சிலருக்கு வெளியே வரக்கூட மனம் இருக்காது, கதை பாதியில் நிற்கும்.

இதெல்லாம் அவள் இணையத்தில் பிடித்தது. அழைப்பு வராத நேரங்களில் மேஜைக் கணினியில் எதையாவது தேடிக்கொண்டே இருப்பாள். ஒன்றைத் தேடப் போனால் இன்னொன்று அகப்படும். அதன் வாலைப் பிடித்துக்கொண்டு போனால் மூன்றாவது. குளிர்காலத்தில் உறைந்து, இதயமே நின்றுபோய், வெயில் வந்ததும் எழுந்து தத்திப் போகும் தவளை. தனக்குப் பிடித்த கல்லை அக்குள் மடிப்பில் பத்திரமாக வைத்திருக்கும் கடல் நீர்நாய். தரையே தொடாமல் மாதக் கணக்கில் காற்றிலேயே வாழும் குருவி. சின்ன வயதில் எதைக் கண்டாலும் தோண்டித் துருவிக் கேட்டதால் அப்பா அவளுக்குத் ‘துருவி’ என்று பட்டப்பெயர் வைத்திருந்தார். அப்பா போய்ப் பல காலம் ஆகியும் பெயர் போகவில்லை. வீட்டிலும் அலுவலகத்திலும் அவள் துருவிதான்.

அவளுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. எவ்வளவு ருசியான செய்தியானாலும், ஒன்றையொன்று பார்த்து எழுதாத மூன்று நல்ல இடங்களில் அது இருந்தால்தான் வாயைத் திறப்பாள். மூன்றாவது இடம் கிடைக்காததால் அவள் கைவிட்ட அதிசயங்கள் ஏராளம். சிலவற்றை விடும்போது நெஞ்சு வலிக்கும். ஆனாலும் விட்டுவிடுவாள். பொய்யை ஒருவர் காதில் போடுவது, சாப்பாட்டில் மண்ணைப் போடுவது போல அவளுக்கு.

லிஃப்டில் மாட்டியவர்களைத் தவிர வேறு யாரும் அவள் பேச்சைக் கேட்டதில்லை. அவர்களுக்கும் ஓடிப்போக வழியில்லை என்பதை அவளே ஒருநாள் நினைத்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டாள். கணவர் சரக்கு வேன் ஓட்டுபவர். வீட்டுக்கு வந்து காலை நீட்டி உட்கார்ந்தார் என்றால், அவள் என்ன சொன்னாலும் “ம்” என்பார். எந்த இடத்தில் “ம்” போட வேண்டும் என்பது அவருக்கு அத்துப்படி. என்ன கேட்டார் என்பது மட்டும் தெரியாது. சொந்தக்காரர்கள் எல்லோரும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் அவள் போடுவதற்கு யாரும் பதில் போட மாட்டார்கள். பெரியம்மா மகன் ஒருமுறை, “துருவி, இதெல்லாம் தெரிஞ்சு நாங்க என்ன பண்ணப் போறோம்?” என்று கேட்டான். அதற்கு மட்டும் பதினேழு பேர் கைதட்டும் படம் போட்டார்கள்.

தம்பிதான் முதன்முதலாகக் காது கொடுத்தான்.

அவளைவிட ஒன்பது வயது இளையவன். கைப்பேசிக் கடையில் வேலை பார்த்தான். முதலாளியோடு முட்டிக்கொண்டு வெளியே வந்து, அவள் வீட்டு முன்னறையில் ஒரு பாயை விரித்துக்கொண்டு தங்கியிருந்தான். முகவெட்டுள்ள பையன். குரல் அதைவிட நன்றாக இருக்கும். ஒருநாள் அவள் அந்தத் தவளையைப் பற்றிச் சொன்னபோது, படுத்திருந்தவன் எழுந்து உட்கார்ந்தான்.

“அக்கா, இன்னொரு தடவை சொல்லு.”

சொன்னாள்.

“இதை நான் பேசி வீடியோவாப் போடட்டுமா?”

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை வருஷம் காற்றில் போனதை ஒருவன் கைநீட்டிக் கேட்கிறான், அதுவும் கூடப்பிறந்தவன். அன்று இரவுச் சாப்பாட்டுக்குத் தொட்டுக்கொள்ள இரண்டு வகை செய்தாள்.

முதல் வீடியோவில் பாதியை அவளைப் பேசச் சொன்னான். எடுத்ததைப் போட்டுப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

“தப்பா நினைக்காதக்கா. உன் குரல் ஆஃபீஸ்ல ஃபோன் எடுக்கற மாதிரியே இருக்கு. நீ எழுதித் தா, நான் பேசறேன்.”

அதுவும் சரிதான் என்று பட்டது. எழுதித் தந்தாள். மதியச் சாப்பாட்டு வேளையில், அழைப்புகளுக்கு நடுவில், எங்கே மூச்சு விட வேண்டும், எங்கே நிறுத்தி ஆளைத் தவிக்கவிட வேண்டும் என்பதுவரை குறித்துத் தந்தாள். லிஃப்டுக்குள் இருப்பவர்களிடம் பேசிப் பேசி வந்த பழக்கம் அது. எங்கே நிறுத்தினால் ஆள் “அப்புறம்?” என்பார் என்று அவளுக்குத் தெரியும்.

வீடியோ பிடித்துக்கொண்டது. ஆரம்பத்தில் அவன் ஒவ்வொன்றிலும், “இது எங்க அக்கா தேடித் தந்தது” என்று சொல்லித்தான் தொடங்கினான். கொஞ்ச நாளில் “நாங்க தேடினோம்” ஆயிற்று. அப்புறம் “நான் ஒண்ணு பார்த்தேன்” ஆயிற்று. அவள் கவனிக்காமல் இல்லை. பேசுகிறவன் அப்படித்தான் பேச வேண்டியிருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். பார்ப்பவர்கள் பெருகினார்கள். அவன் தனியாக ஒரு அறை எடுத்துக்கொண்டு போனான். போகும்போது, தன் முகம் அச்சடித்த பீங்கான் கோப்பை ஒன்றை அக்காவுக்குக் கொடுத்தான். எழுதித் தருவதை அவள் நிறுத்தவில்லை. கேட்பதற்கு ஆயிரக்கணக்கான பேர் இருக்கும்போது யார் வாய் வழியாகப் போனால் என்ன?

ஒருநாள் மத்தியானம், அலுவலகத்தில் ஓசையைக் குறைத்து வைத்துக்கொண்டு, தம்பி ஒரு கல்லூரி மேடையில் பேசிய பதிவைப் பார்த்தாள். புதுச் சட்டை, புது மூக்குக்கண்ணாடி. எதிரே இருந்த பெண் ஒருத்தி எழுந்து கேட்டாள், “இவ்வளவு விஷயத்தையும் எங்கேயிருந்து சார் பிடிக்கிறீங்க?”

தம்பி கொஞ்சம் யோசிப்பதுபோல நிறுத்தினான். அந்த நிறுத்தம் அவள் சொல்லிக்கொடுத்தது.

“பைத்தியம் மாதிரித் தேடுவேங்க. சாப்பாடு, தூக்கம் எதுவும் ஞாபகம் இருக்காது. ஆரம்பத்துல வீட்ல ஒருத்தருக்கும் புரியல. எங்க அக்காகூட, ‘உருப்படியா ஒரு வேலை பாருடா, இதெல்லாம் தெரிஞ்சு என்ன பண்ணப் போறே?’ன்னு திட்டுவாங்க.”

கூட்டம் சிரித்தது. சிலர் கைதட்டினார்கள்.

அவள் முகம் சுண்டிப்போனது. பெரியம்மா மகன் அவளைக் கேட்ட கேள்வி அது. அதை எடுத்து, அவள் வாயிலேயே வைத்துத் திணித்துவிட்டான். அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி அடித்தது. ஏதோ ஓர் ஆஸ்பத்திரிக் கட்டடம், நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் வயதான ஒருவர் தனியாக மாட்டியிருந்தார். “பயப்பட வேண்டாம், உதவி வந்துகொண்டிருக்கிறது” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து அதையே மறுபடி சொன்னாள். அட்டையில் இருந்ததைத் தவிர வேறு ஒன்றும் வரவில்லை. “ஏம்மா, லைன்ல இருக்கியா?” என்று அவர் நடுங்கும் குரலில் கேட்டுக்கொண்டே இருந்தார்.

சாயங்காலம் தம்பியைக் கூப்பிட்டாள்.

“நான் எப்படா உன்னைத் திட்டினேன்?”

“ஐயோ, அதுவாக்கா? மேடையில ஒரு வேகத்துல வந்துருச்சு. நாலு பேர் எதிர்த்தாங்க, மீறி வந்தேன்னு சொன்னாத்தான் ஜனங்களுக்குப் பிடிக்குது. இதையெல்லாம் நீ மனசுல வெச்சுக்காதே.”

“என் பேரைச் சொல்லியிருக்கலாமேடா.”

“சொன்னா மட்டும்? உன்னை யாருக்குத் தெரியும்?” அவன் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டான். “சரிக்கா, வெள்ளிக்கிழமை வீடியோவுக்கு ஒண்ணும் இல்ல. சீக்கிரம் எதாவது அனுப்பு.”

கணவரிடம் சொன்னாள். அவர் அன்று “ம்” போடவில்லை. “உன் தம்பிதானே, விடு” என்றார். அது “ம்”மைவிட மோசமாக இருந்தது.

மறுநாள் அவள் எதையும் தேடவில்லை. வெற்றுத் திரையைத் திறந்து வைத்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல்முறையாக ஓர் அதிசயத்தை இட்டுக்கட்டினாள். ஒரு தீவு. அங்கே லூமா என்றொரு பறவை. அப்படி ஒரு பெயர் அவள் வாய்க்கு வந்தது, அவ்வளவுதான். அந்தப் பறவையின் கூட்டில் முதலில் பொரியும் பெண்குஞ்சு, தனக்கு வரும் இரையைப் பின்னால் பொரிந்த தம்பிக்குஞ்சுக்கு ஊட்டிவிடும். ஊட்டி ஊட்டி அதன் சிறகு வலுக்காமலே போய்விடும். தம்பி பறந்து போகும். அக்காப் பறவை கூட்டிலேயே கிடக்கும். தம்பி திரும்பிப் பார்ப்பதே இல்லை. இதுதான் கதை.

இரண்டில் ஒன்று நடக்கும் என்று நினைத்தாள். படித்ததும் அவனுக்குச் சுருக்கென்று தைக்கும், ஓடி வருவான். இல்லையென்றால் அப்படியே பேசிப் போடுவான். விவரம் தெரிந்த யாராவது, இப்படி ஒரு பறவையே கிடையாதே என்று பிடித்துக்கொள்வார்கள், அவன் பாடு சந்தி சிரிக்கும். எது நடந்தாலும் சரி என்று அனுப்பிவிட்டாள்.

அவன் பேசிப் போட்டான். அவள் எழுதிய அத்தனையும் இருந்தது, கடைசி வரியைத் தவிர. அதற்குப் பதிலாக அவன் இப்படி முடித்திருந்தான்: “ஆனா அந்தத் தம்பிப் பறவை மறக்கல. வருஷா வருஷம், கடலைத் தாண்டி, வாய் நிறைய இரையோட அக்காகிட்ட திரும்பி வருது.” சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

அவன் போட்ட வீடியோக்களிலேயே அதைத்தான் அதிகம் பேர் பார்த்தார்கள். பார்த்தவர்கள் அழுதார்கள். பேசாமல் இருந்த அண்ணன் தம்பிகள் பேசிக்கொண்டார்களாம். எவரெவரோ தங்கள் அக்காவுக்கு அதை அனுப்பிவைத்தார்கள். அவளுக்கே நாலு பேர் அனுப்பினார்கள். சொந்தக்காரர்கள் குழுவில், “துருவி, உன் தம்பி உன்னை நினைச்சுத்தான் பேசியிருக்கான், கொடுத்துவெச்சவ நீ” என்று எழுதினார்கள். அவள் போட்ட எதற்கும் வாய் திறக்காதவர்கள்.

பிடிக்க ஆளில்லை. கிடையாது என்று சொல்ல யாரும் வரவில்லை. கணினியை வைத்து யாரோ அந்தப் பறவைக்குப் படம்கூடத் தயாரித்துவிட்டார்கள். சாம்பல் நிறம், செம்பழுப்புக் கண். இன்னொருவர் அது எத்தனை முட்டை இடும் என்று எழுதினார். வேற்று மொழிகளிலும் அது போயிற்று. அழிந்துவரும் பறவைகள் என்று எவரோ போட்ட தொகுப்பில் அதுவும் இருந்தது. துருவி ஒருநாள் உட்கார்ந்து தேடிப் பார்த்தாள். மூன்று இடமென்ன, முப்பது இடத்தில் அகப்பட்டது. இத்தனை வருஷமாக அவள் நம்பிச் சொன்ன தவளையும் நீர்நாயும் குருவியும் இப்படி எவளோ ஒருத்தி வயிற்றெரிச்சலில் எழுதிவிட்டதாக இருந்தால்? இருக்காது என்று தெரியும். ஆனாலும் அந்தக் கேள்வி வந்து உட்கார்ந்த பிறகு எதைப் படித்தாலும் ருசிக்கவில்லை.

அவளுடைய மகள் பள்ளியில் அந்தப் பறவையைப் பற்றிப் பேசிப் பரிசு வாங்கி வந்தாள். பரிசுத் தட்டை அலமாரியில் வைத்துவிட்டுத் திரும்பியவளைத் துருவி பக்கத்தில் உட்காரவைத்தாள்.

“கண்ணு, அப்படி ஒரு பறவை கிடையாதும்மா.”

“எது? லூமாவா?”

“ஆமா. அதை நான்தான் எழுதினேன். மாமா மேல இருந்த கோபத்துல, பொய்யா எழுதி அனுப்பினேன்.”

மகள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு கைப்பேசியை எடுத்துத் தட்டித் தட்டிக் காட்டினாள். “இங்க பாரு. இங்கயும் இருக்கு. ஃபோட்டோ இருக்கு. முட்டை எத்தனைன்னுகூடப் போட்டிருக்கு. இதெல்லாம் நீதான் எழுதினியா?”

“முதல்ல எழுதினது நான்தான்டி.”

“அம்மா, மாமா பெரிய ஆளாயிட்டாருன்னு உனக்குப் பொறாமை. அப்பாவும் அப்படித்தான் சொன்னாரு.”

துருவி கணவரைப் பார்த்தாள். அவர் தொலைக்காட்சியின் ஓசையைக் கொஞ்சம் கூட்டிவைத்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தம்பியின் அறைக்குப் போனாள். சுவரெல்லாம் கறுப்பு நுரைப்பஞ்சு ஒட்டி, நாலு பக்கமும் விளக்கு வைத்திருந்தான். ஓசை சுவரில் பட்டுத் திரும்பாத அறை. பேசினால் வாயிலிருந்து வந்ததும் செத்துவிடுகிறது. அவளுக்கு நாற்காலி போட்டு, டீ வரவழைத்தான்.

“டேய், அந்தப் பறவை பொய்.”

“தெரியும்க்கா.”

டீயை எடுக்க நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள்.

“தெரியுமா?”

“நீ அனுப்பின அன்னிக்கே அந்தப் பறவையோட படம் எடுக்கலாம்னு நெட்டுல தேடினேன். ஒண்ணுமே வரல. நீதான் எதையுமே செக் பண்ணாம அனுப்ப மாட்டியே. அப்பவே புரிஞ்சுது, நீயா எழுதினதுன்னு.”

“தெரிஞ்சுமா போட்டே?”

“நல்லா இருந்துச்சுக்கா. முடிவுதான் சரியில்ல. யாருக்குக்கா அழுமூஞ்சிக் கதை பிடிக்கும்? அதான் மாத்திட்டேன்.”

“அந்த அக்காப் பறவை யாருன்னும் உனக்குப் புரிஞ்சுதா?”

அவன் டீயை ஒரு வாய் குடித்தான். விளக்கின் பித்தானைப் போட்டு, அணைத்து, மறுபடி போட்டான்.

“அதெல்லாம் இப்ப எதுக்குக்கா? அதான் திரும்பி வர்ற மாதிரி மாத்திட்டேனே.”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் சமாதானமாகிவிட்டாள் என்று அவன் எடுத்துக்கொண்டான் போலிருக்கிறது. நாற்காலியை இழுத்துப்போட்டுக் கிட்டே வந்தான்.

“இதே மாதிரி மாசம் ரெண்டு எழுதித் தாயேன். உனக்குத்தான் கை வருது. நிஜம்தான் வேணும்னு இல்லக்கா. நிஜத்துல முடிவு சரியா வர மாட்டேங்குது.”

அவள் டீயைத் தொடாமல் எழுந்து வந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும், அந்த வீடியோவின் கீழே தன் பெயரைப் போட்டு, இது பொய், இப்படி ஒரு பறவை இல்லை, எழுதியது நான் என்று பதிவிட்டாள். திட்டு வந்து விழுந்தது. புகழுக்கு அலைகிறவள் என்றார்கள். உனக்குத் தம்பி இருந்தால்தானே தெரியும் என்று ஒருத்தி எழுதினாள். சிறிது நேரத்தில் அவள் எழுதியது காணாமல் போயிற்று. மறுபடி எழுதப் போனாள், எழுத முடியவில்லை. தம்பி அவளை வெளியே நிறுத்திவிட்டான். போன் போட்டும் அவன் எடுக்கவில்லை. பிறகு ஒரு வரி அனுப்பினான்: ‘வீட்டு விஷயத்தை வெளிய பேசாதக்கா, அசிங்கமா இருக்கு.’

அதன் பிறகு அவள் அவனுக்கு எதுவும் அனுப்பவில்லை. அவனுக்கு அதனால் ஒரு குறையும் வரவில்லை. இரண்டு பேரை எழுத வைத்துக்கொண்டான். அலுவலகத்தில் அவள் தொலைபேசி வேலையை விட்டுவிட்டு, உதிரிப் பாகங்கள் பிரிவுக்கு மாறிக்கொண்டாள். அங்கே கம்பிவடமும் கப்பியும் எண் பார்த்து எடுத்துக் கொடுத்தால் போதும். யாரிடமும் பேச வேண்டியதில்லை. கணினி இருந்தது. அவள் அதில் இருப்பு எண்களைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை.

தம்பியோடு பெரிய சண்டை என்றும் சொல்ல முடியாது. நல்லது கெட்டதுக்கு வருவான். வந்தால் மகள் அவனைவிட்டு நகர மாட்டாள். அன்றும் அப்படித்தான், சாப்பாட்டுக்கு வந்திருந்தான். மகள் வீட்டுப்பாடத்தை விரித்து வைத்துக்கொண்டு, அடுப்படியில் நின்ற துருவியைக் கேட்டாள்.

“அம்மா, வானம் ஏன் நீலமா இருக்கு?”

துருவிக்குப் பதில் தெரியும். வெளிச்சம் காற்றில் பட்டுச் சிதறுவது, நீலம் மட்டும் ஏன் அதிகமாகச் சிதறுகிறது, அந்தி ஏன் சிவக்கிறது என்று ஒரு காலத்தில் ஒரு வாரம் முழுக்கத் தேடிப் படித்திருக்கிறாள். லிஃப்டுக்குள் அழுத ஒரு சிறுமிக்கு அதைச் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறாள்.

“மாமாகிட்ட கேளு” என்றாள்.

தம்பி கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னான், “கடல் நீலமா இருக்குல்ல? அதோட நிறம்தான் மேல தெரியுது.”

தப்பு. துருவி திரும்பினாள். வாய்வரை வந்துவிட்டது. மகள் அதற்குள் தலையைக் குனிந்து, அழகான கையெழுத்தில் அதை எழுதத் தொடங்கியிருந்தாள். கணவர் “ஓஹோ, அப்படியா!” என்று தலையாட்டினார்.

துருவி அடுப்பைத் தணித்துவிட்டு, எல்லோருக்கும் தட்டு எடுத்து வைத்தாள்.